நடைமேடைக்கு உரிமையுள்ள ஆடு

1973ஆம் ஆண்டு ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். நிலையத்துக்கு முன்னால் இருந்த புளியமரத்தடியில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்கு என் நினைவாற்றல் காரணமன்று. அன்று மாலை என்னிடம் விளக்கம் கேட்கப்பட்டது. ரயில்வேயில் விளக்கம் எழுதுகிறவர் மணியிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

இப்போது அந்தப் பாதை அகலப்பாதையாகிவிட்டது. நடைமேடைகள் வருகிற வண்டியைப்போல் இரு மடங்கு நீளத்துக்குக் கட்டப்பட்டிருக்கின்றன; வண்டிகளைத்தான் குறைத்துவிட்டார்கள். சென்ற மாதம் என் பழைய பிரிவைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் என்னைப் பார்க்க வந்தபோது, "உங்க காலத்துல பிளாட்பாரம் எப்படி இருந்தது, மேடம்?" என்று கேட்டார்கள். "இருந்தது" என்றேன். அதற்குமேல் பேசும் பழக்கம் எனக்கு இல்லாததால் இதை எழுதுகிறேன்.

என் தந்தை சின்னக்கானலில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலை எடை போடும் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தமிழ் இலக்கியம் படித்தேன். முதுகலைக்குத் தனியாகப் படித்துக்கொண்டிருந்தபோது ரயில்வேத் தேர்வில் வெற்றி பெற்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. பயிற்சிக்குத் திருச்சிக்குப் போனேன். ஆறு மாதப் பயிற்சியில் கற்றதை ஆறு வரிகளில் சொல்லிவிடலாம். ஆனால் அவற்றில் எதுவும் பின்னர் பயன்படவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். டிக்கெட்டும் பார்சலும் பதிவு செய்யும் எழுத்தராக, இரண்டாண்டுத் தகுதிகாண் நிபந்தனையோடு, என் முதல் நிலையத்துக்கு வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது.

அது பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் போகும் மீட்டர் கேஜ் கிளைப்பாதையில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருந்தது. பெயர் வேண்டாம், அங்கே பணிபுரிந்தவர்களின் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். தண்டவாளங்கள் இரண்டு, நடைமேடை ஒன்று. அந்த ஒன்றும் முதல் தண்டவாளத்தை ஒட்டி ஐந்து பெட்டிகளின் நீளத்துக்கு மட்டும். வண்டிகளுக்கோ ஏழு பெட்டிகள். கடைசி இரண்டு பெட்டிகளில் வந்தவர்கள் எருக்கஞ்செடிகளுக்கிடையில் இறங்கினார்கள். கட்டியவர் கணக்கில் தவறினார் என்று நான் நினைக்கவில்லை. வருகிற ஏழு பேரில் இருவர் எங்கள் ஊரில் இறங்கத் தகுதியற்றவர்கள் என்று அவர் ஆராய்ந்து முடிவு செய்திருக்கலாம்.

இரண்டாம் தண்டவாளத்தை லூப் என்பார்கள். அதற்கு மேடையே கிடையாது, வெறும் ஜல்லி. ஜல்லியில் நிற்பவருக்குப் பெட்டியின் முதற்படி இடுப்பு உயரத்திலும், பெட்டியின் தளம் நெஞ்சு உயரத்திலும் இருக்கும். நடைமேடையோ தாழ்வானதுதான் என்றாலும், அதில் நின்று ஏறுகிறவர் தம் கால்களை மட்டும் பயன்படுத்தினால் போதும்.

ஒற்றைப்பாதையில் எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் தினமும் காலையில் எங்கள் நிலையத்தில்தான் ஒன்றையொன்று கடந்துபோயின. பொள்ளாச்சிக்குப் போவது ஏழு முப்பத்தைந்துக்கு வந்து காத்திருக்கும். பாலக்காட்டுக்குப் போவது ஏழு ஐம்பதுக்கு வந்து, இரண்டு நிமிடம் நின்று, கிளம்பும். ஒன்றுக்கு மேடை, மற்றதற்கு லூப். மேடை எப்போதும் பொள்ளாச்சி வண்டிக்குத்தான். ஏனென்றால் அதில்தான் மாங்காய்க் கூடைகள் ஏறின. மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் கல்லூரிக்கும் பாலக்காடு போகிற மனிதர்கள் லூப்பில் ஏறினார்கள். மாங்காய்க்கு அடிபட்டால் கறுத்துவிடும். மனிதர்களுக்கு அந்தக் குறை இல்லை.

இந்த ஏற்பாட்டைக் காத்துவந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், ஐம்பதைக் கடந்தவர், அப்பழுக்கற்ற நேர்மையாளர். இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கைநீட்டுகிற ஓர் அதிகாரி தவறு செய்தால் அவரை வழிக்குக் கொண்டுவர ஒரு வழியாவது இருக்கிறது. மாஸ்டரிடம் அதுவும் இல்லை. யார் என்ன கேட்டாலும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மீண்டும் மாட்டிக்கொண்டு, விதிப்புத்தகத்தைத் திறந்து, அதைக் கேட்டவர் பக்கமாகத் திருப்பி, உரிய வரியின் மேல் ஆள்காட்டி விரலை வைப்பார். "நான் ஒண்ணும் சொல்லலை, கேட்டேளா. புஸ்தகம் சொல்றது" என்பார். முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. முடிந்ததாகவும் யாரும் கேட்டதில்லை.

அச்சடித்த விதிகள் போதாமல், எங்கள் நிலையத்துக்கென்று அவரே தொகுத்த உள்ளூர் விதிகள் நாற்பத்துமூன்று இருந்தன. என் கையெழுத்து உருண்டையாக இருந்த குற்றத்துக்காக, முதல் மாதமே அவற்றைப் படியெடுக்கும் பணி எனக்கு வந்தது. அவற்றில் இருபத்தொன்பதாவது விதிக்கு ஒரு வரலாறு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் லூப்பில் நின்ற வண்டியில் ஏற்றும்போது ஒரு கன்றுக்குட்டியின் கால் முறிந்தது. உடையவர் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினார். அன்று பிறந்தது விதி: 'கால்நடைகளை எந்த நிலையிலும் நடைமேடையிலிருந்தே ஏற்றவும் இறக்கவும் வேண்டும், அதற்கேற்ப வண்டியை மேடைத் தண்டவாளத்துக்கு எடுக்க வேண்டும்.' அதே லூப்பில் மனிதர்கள் சிலருக்கும் கால் முறிந்திருக்கிறது. அவர்கள் வழக்குப் போடவில்லை, கட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

மாட்டு வண்டியில் வந்தவர் பழனியக்காள். கோவிந்தாபுரத்துப் பக்கம் நான்கு ஏக்கர் நிலத்தை இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதுவந்த குடும்பத்தின் தலைவி. உழுதவருக்கே நிலம் என்று சட்டம் வந்துவிட்டிருந்தது. நிலம் தமக்கே என்ற பட்டயம் கேட்டுப் பாலக்காட்டு நிலத் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்திருந்தார். நில உடைமையாளரின் வக்கீல் எளிய வாதம் ஒன்றை வைத்தார்: அப்படி ஒரு பெண் அந்த நிலத்தில் இல்லவே இல்லை, பொள்ளாச்சியில் எங்கேயோ படுத்திருக்கிறாள். எனவே அவர் நேரில் வந்து, தாம் இருப்பதை நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இருப்பதில் அவருக்குத் தடையில்லை, வருவதில்தான் இருந்தது. கிணற்றுப்படியில் விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்து, கோணலாகச் சேர்ந்திருந்தது. வலது கால் இடுப்பிலிருந்து மடங்காது. கோவிந்தாபுரத்துப் பேருந்தில் உட்காரவும் முடியாது, அந்த நெரிசலில் நிற்கவும் முடியாது. பொள்ளாச்சியிலிருந்து வாடகைக் கார் வரவழைக்கும் வசதி இருந்திருந்தால், குத்தகை நிலத்துக்கு அவர் ஏன் போராடப்போகிறார்? ரயிலில் கால் நீட்டிப் படுத்துப் போகலாம். ஏறவேண்டும், அவ்வளவுதான்.

சனவரியில் முதல் விசாரணை நாளன்று, மகன் ஆறுச்சாமி அவரைத் தூக்கிச் சென்று லூப்பின் ஓரம் ஜல்லியில் உட்காரவைத்தார். பாலக்காட்டு வண்டி வந்ததும் மகன் மேலிருந்து இழுக்க, தண்டவாளம் மாற்றும் எங்கள் பாயிண்ட்ஸ்மேன் வேலாயுதன் கீழிருந்து தாங்கினார். "உட்ருடா, காலு பிய்யுது" என்ற அந்தம்மாவின் குரல் மட்டும், இடையில் நின்ற மாங்காய் வண்டியைத் தாண்டி என் கவுண்ட்டருக்குக் கேட்டது. இரண்டு நிமிடம் முடிந்தது, வண்டி போயிற்று.

மார்ச்சில் அறிவோடு வந்தார்கள்: ஏறி நிற்க ஒரு பெஞ்சைக் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்தார். தண்டவாளத்தின் அருகில் அனுமதியற்ற பொருள் எதையும் வைக்கலாகாது. பெஞ்சு அலுவலகத்தில் மாலைவரை பத்திரமாக இருந்தது. பழனியக்காளும் புளியமரத்தடியில் பத்திரமாக இருந்தார்.

மூன்றாவது நோட்டீசை ஆறுச்சாமி என்னிடம்தான் படிக்கக் கொண்டுவந்தார். அது மலையாளத்தில் இருந்தது. ஏப்ரல் 17, காலை பதினொரு மணி. வராவிட்டால் மனு தள்ளுபடி. படித்துச் சொன்னேன். "அப்ப இந்தத் தடவை ஏறியே ஆகோணுமுங்க" என்றார் அவர். ஏறுவது மூன்று மாதமாக விருப்பப் பாடமாக இருந்தது போலவும், இப்போதுதான் கட்டாயமாக்கப்பட்டது போலவும் நான் தலையசைத்தேன். அந்த அசைப்புக்காக இன்றும் கூசுகிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறு ஐம்பதுக்கு மாஸ்டரின் மேசை முன் நின்றேன்.

"சார், இன்னிக்கு மட்டும் பாலக்காட்டு வண்டிய பிளாட்பாரத்துல எடுக்கலாமா? அந்தம்மாவால லூப்ல ஏற முடியாது."

கண்ணாடி கழன்றது. "மாங்காய் எத்தனை கூடை?"

"அறுபது, சார்."

"அறுபது கூடையையும் தண்டவாளம் தாண்டித் தூக்கிண்டுபோய் லூப்புல ஏத்தணும்னா வண்டி லேட்டாகும். கண்ட்ரோல்ல யார் சமாதானம் சொல்றது, நீங்களா?"

"ஒரு ஆளோட நிலம் போயிடும், சார்."

"அதான் பாருங்கோ. இந்தப் பக்கம் ஒரு ஆள். அந்தப் பக்கம் அறுபது கூடையாக்கும்." புத்தகம் என் பக்கம் திரும்பியது. "சீக்காளிக்குன்னு இதுல ஏதாவது இருந்தா காட்டுங்கோ. இருந்தா நான் தடுக்கலை."

இல்லையென்று எனக்குத் தெரியும். மனிதர்களைப் பற்றி அந்த விதிகள் இரண்டே இடங்களில் பேசின: எச்சில் துப்பலாகாது, தண்டவாளத்தைக் கடக்கலாகாது. லூப்பில் நிற்கும் வண்டிக்குக் கடக்காமல் போவது எப்படி என்பதை விதி விளக்கவில்லை. நல்ல நூல்கள் சிலவற்றை வாசகரின் கற்பனைக்கு விட்டுவிடும்.

கவுண்ட்டருக்குத் திரும்பினேன். சன்னலுக்கு வெளியே, மாஸ்டர் வளர்க்கும் குரோட்டன் செடியை ஓர் ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. வேலாயுதனின் ஆடு. அதைப் பார்த்துக்கொண்டே, நான் படியெடுத்த நாற்பத்துமூன்று விதிகளையும் மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிப்பார்த்தேன். இருபத்தொன்பதில் நின்றேன்.

சிக்னல் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்த வேலாயுதனிடம் போனேன். "அண்ணே, அந்த ஆடு உங்களுதுதானே?"

அவர் திடுக்கிட்டார். "ஆடோ? அது கயிறு அறுத்துட்டு வந்ததாக்கும், சாரம்மா. இப்பக் கெட்டிடறேன். மாஸ்டர் கண்டாரோ?"

"கட்ட வேண்டாம். பாலக்காட்டுக்கு அனுப்பலாமா?"

"எந்தினு? கறிக்கோ?"

"பிளாட்பாரத்துக்கு."

வேலாயுதன் ஆட்டைப் பார்த்தார். புளியமரத்தடியைப் பார்த்தார். சனவரியில் தாங்கிய தம் தோளைத் தடவிக்கொண்டார். அவர் என்னைவிட விரைவாக விதிகளைப் புரிந்துகொள்பவர். "வைகுன்னேரம் திரிச்சு வருமோ?"

"சாயங்கால வண்டியில வந்துரும்."

"எங்கில் கொண்டுபோட்டே" என்று சம்மதித்துத் துணியை உதறினார்.

பழனியக்காளிடம் சொன்னபோது அவர் அவ்வளவு எளிதாக இசையவில்லை. "எனக்கெதுக்கு அம்மிணி ஆடு? நான் போறது கோர்ட்டுக்கு. சந்தைக்கில்லீங்க."

"ஆடு போனாத்தாங்க வண்டி பிளாட்பாரத்துக்கு வரும். ஆடு உங்க பேர்ல போகுது."

சற்று யோசித்தார். "அப்ப நான் ஆட்டுக்குத் தொணையாப் போறேன்?"

"அப்படித்தாங்க."

"செரி. முன்னாலயே சொல்லியிருந்தா இன்னுங் கொஞ்சம் நல்ல சீலையாக் கட்டீட்டு வந்திருப்பனில்லோ."

ஏழு ஐந்துக்கு ரசீது எழுதினேன். கால்நடை, வெள்ளாடு, ஒன்று. அனுப்புநர் பழனியக்காள், பெறுநரும் அவரே. ரசீதின் படியையும் உள்ளூர் விதிகளின் நோட்டையும் எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன்.  தகுதிகாண் காலத்தில் என்னை வேலையிலிருந்து நீக்க அவருடைய ஒரு குறிப்பு போதும். நீக்கினால், வீட்டுக்கு ஒரே சம்பளமாக இருந்த எனக்கு, அடுத்த மாதம் எப்படி என்று தெரியாது.

அவர் ரசீதைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி படித்தார், மறுபடி துடைத்தார்.

"இந்த ஆடு யாரோடது?"

"பழனியக்காள் பேர்ல புக் ஆயிருக்கு, சார்."

"நான் அதைக் கேக்கலை."

"ரசீதுல வேற கேள்விக்குக் கட்டம் இல்லை, சார்."

நோட்டைத் திறந்தேன். அவர் பக்கமாகத் திருப்பினேன். இருபத்தொன்பதாம் விதியின்மேல் என் ஆள்காட்டி விரலை வைத்தேன். 'எந்த நிலையிலும்' என்ற இடத்தில் விரல் தானாகவே நின்றது. அவர் அந்த வரியைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், பிறகு என்னை, அந்த நிலையத்துக்கு நான் வந்து பதினொரு மாதங்களில் முதன்முறையாக, நிமிர்ந்து பார்த்தார். ஆட்டுக்கு விலக்கு அளிக்கலாம். ஆனால் அதற்கு அவர் தம் விதியைத் தாமே மீறவேண்டும். மனிதர்களுக்காக மீறாத விதியை ஆட்டுக்கு எதிராக மீறுவது அவருடைய நேர்மைக்கு ஒவ்வவில்லை.

"வேலாயுதா" என்று வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார். "பொள்ளாச்சி வண்டி லூப்பு. பாலக்காட்டு வண்டி பிளாட்பாரம்."

தண்டவாளத்தை மாற்றுவது, வாயால் மாற்றுவதுபோல் எளிதன்று. பாயிண்ட்ஸ்மேன் சாவியோடு நிலையத்தின் எல்லைவரை நடந்து, பாதை பிரியும் இடத்தில் இரும்புக் கைப்பிடியைத் திருப்பி, தண்டவாள நாக்கு இடைவெளியின்றி ஒட்டியதா என்று குனிந்து பார்த்து, பூட்டி, சாவியை மாஸ்டரிடம் கொண்டுவர வேண்டும். அந்தச் சாவியைப் போட்டால்தான் வண்டியை உள்ளே விடும் சிக்னல் இறங்கும். பொள்ளாச்சி வண்டியை லூப்பில் எடுத்தபின், மறுமுனையில் பாலக்காட்டு வண்டிக்காக இதே சடங்கு. அன்று இரண்டு முனைகளுக்கும் வேலாயுதன் ஓடினார். அவர் ஓடுவதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை; பின்னும் பார்க்கவில்லை.

மாங்காய்த் தரகர் வந்து நின்றார். "ஏனுங்க மாஸ்டரு, நாளும் வர்ற வண்டி இன்னிக்கு அக்கட்டால லூப்புல போகுதாமா? அறுவது கூடையுங்க."

"லைவ்ஸ்டாக் இருக்கு."

"எங்கீங்க?"

மாஸ்டர் ஆட்டைக் காட்டினார். அதன் பின்னால் மற்றவை வருகின்றனவா என்று தரகர் எட்டிப் பார்த்தார். "இது ஒண்ணுங்களா?"

"ஒண்ணானாலும் லைவ்ஸ்டாக்காக்கும்" என்றார் மாஸ்டர். அந்தக் குரலில் துயரம் இருந்தது; ஆனால் ஐயம் இல்லை.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் பாலக்காட்டு வண்டி நடைமேடையில் வந்து நின்றது. விதிப்படி முதலில் ஆடு, என்ஜினை அடுத்த சரக்குப் பெட்டியில் ஏறியது. அடுத்து, பழனியக்காள் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று, பெட்டியின் தளத்தில் அப்படியே உட்கார்ந்தார். ஆறுச்சாமி அந்த மடங்காத காலைத் தூக்கி உள்ளே வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று மாதத் தகராறு அவ்வளவுதான்.

இரண்டு வண்டிகளும் ஆறு நிமிடம் தாமதமாகக் கிளம்பின. வண்டிகளின் நேரத்தைக் கண்காணிக்கும் கண்ட்ரோலின் தொலைபேசி ஒலித்தது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "லைவ்ஸ்டாக் லோடிங், சார்... ஆமாம், ஆடு... இல்லை சார், ஒண்ணு... ஒண்ணேதான்." அதன்பின் நெடுநேரம் மறுமுனைதான் பேசியது.

மாலை வண்டிக்கு எதிர்வண்டி கிடையாது. அது மேடைக்கே வரும். பழனியக்காள் ஆட்டோடு இறங்கியதும், சீட்டைக் கொடுக்க மகன் தோளைப் பிடித்தபடி என்னிடம் வந்தார். தீர்ப்பாயத்தில் ஆபீசர் இரண்டே கேள்வி கேட்டாராம்: நீதான் பழனியக்காளா, இந்தப் போகம் நிலத்தில் என்ன நிற்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல், இந்தக் காலோடு எப்படி ஏர் ஓட்டினாய் என்று கேட்டிருக்கிறார். "ஓட்டுனது என்ற பையனுங்க. ஓட்டச் சொன்னது நானுங்க. உங்க மொதலாளி ஏரைத் தொட்டுருக்காரான்னு அவரையுஞ் சித்தக் கேட்டுப் போடுங்கன்னு சொன்னேன் கண்ணு." ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டாராம். அடுத்த ஆண்டு பட்டயம் வந்தது. சட்டம் தன் கடமையைச் செய்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஆட்டைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை.

மாஸ்டர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். ஆறு நிமிடத் தாமதத்துக்கும், உண்மையான உடையவரை விசாரிக்காமல் கால்நடை பதிவு செய்ததற்கும், மறுநாள் காலை எட்டு மணிக்குள் விளக்கம். ஒரு பக்கம் எழுதினேன். 'ஏப்ரல் 17, காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு' என்று தொடங்கி, ஆடு ஒரு சாக்கு என்றும், பயணிதான் காரணம் என்றும், இரண்டும் எனக்குத் தெரிந்தே நடந்தன என்றும் முடித்தேன்.

மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனபோது, புளியமரத்தடியில் ஆறு ஆடுகள் நின்றன. கர்ப்பிணி ஒருத்தி, குடலிறக்க அறுவைக்குப் போகும் பெரியவர், கக்கத்தில் கட்டையூன்றிய ஆசிரியர் என்று ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒருவர். ஓரமாக ஒருவர் கோழியை அணைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாக்கும் இது, சந்தையா?" என்றார் வாசலில் நின்ற மாஸ்டர்.

"பாலக்காட்டுக்கு ஆறு ஆடு, சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

கோழிக்காரரிடம், கூடையில் போகிற உருப்படி கால்நடைக் கணக்கில் வராது என்பதை விளக்கினேன். மற்றவர்களிடம், ஒரு வண்டிக்கு ஓர் ஆடே போதும், ஏறுகிறவர்கள் எத்தனை பேராகவும் இருக்கலாம், ஆட்டைக் கொல்லங்கோடுவரை மட்டும் பதிவு செய்தால், அங்கே இறக்கி மேய்த்தபடியே ஓட்டிவந்துவிடலாம் என்றேன். பிறகு உள்ளே போய் ஒரு தாளில் கோடு போட்டு, திங்கள் முதல் சனிவரை எந்த நாளில் யாருடைய ஆடு என்று உடையவர் பெயரோடு உருண்டையான எழுத்தில் எழுதினேன். என் விளக்கத்தை அடியிலும் இந்தத் தாளை மேலேயும் வைத்து மாஸ்டரிடம் நீட்டினேன்.

ஆறு ஆடு ஒன்றாகக் குறைவதை அவர் முதலில் கணக்கிட்டார் என்று நினைக்கிறேன். மெல்லப் படித்தார்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணும் போடலையே?"

"வாராந்திர ஓய்வு, சார்."

அவர் கையெழுத்திட்டார். விளக்கம் எழுதிய தாளைப் படிக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் பட்டியலைக் கால அட்டவணைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். கவுண்ட்டரைத் திறந்து, புதன்கிழமை ஆட்டுக்கு ரசீது எழுதத் தொடங்கினேன்.